உயிலில் நிலைத்த அறம்: வள்ளல் பச்சையப்ப முதலியார் வரலாறு

திருக்கோயிலில் ஒரு காலப் பூசை தடையின்றி நடைபெற வேண்டுமானால் அதற்கு நிலையான வருவாய் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சோழர் காலத்தில் சந்நிதியில் நந்தாவிளக்கு ஏற்ற விழைந்த அன்பர், ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளித்தார். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் மந்தை குறையாமல் காத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். ஆடு மூப்படையும், இறக்கும். ஆயினும் ஈன்று பெருகும் மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது என்பதனால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்லில் பொறித்தனர். கொடுத்தவர் யார், கொடுத்த பொருள் எவ்வளவு, அதனால் நடைபெற வேண்டிய பணி யாது, அதற்குப் பொறுப்பேற்றவர் யார் ஆகிய நான்கு செய்திகளும் அத்தகைய கல்வெட்டுகளில் தெளிவாக இருக்கும்.

இந்நான்கில் முதல் மூன்றையும் எழுத்தில் வைத்து, நான்காவதை நட்பையும் உறவையும் நம்பி விட்டுச் சென்ற பெருவள்ளல் ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. அவர் எழுதிய உயில் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இந்து ஒருவர் எழுதியதாக அறியப்படும் முதல் உயில் என்று போற்றப்படுகிறது. அவர் நினைத்த அறம் முழுமையாக நடைமுறைக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அவரே காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார்.

தந்தையைக் காணாத பிள்ளை

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். அவர் குடும்பம் காஞ்சிபுரத்தைச் சார்ந்தது. தந்தையார் விசுவநாத முதலியார், மகன் பிறப்பதற்கு முன்பே இறைவனடி சேர்ந்தார். தாயார் பூச்சி அம்மாள் இரு பெண் மக்களுடன் ஆதரவற்று நின்ற வேளையில், பவானி அம்மன் அருள்பாலிக்கும் பெரியபாளையத்தில் வாழ்ந்த குடும்ப நண்பர் ஒருவர் அடைக்கலம் தந்தார். பச்சையப்பர் அவ்வூரிலேயே பிறந்தார். அந்நண்பரும் சில ஆண்டுகளில் காலமாகவே, தாய் மீண்டும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைப் பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார்.

சென்னையில் அக்குடும்பத்திற்குக் கைகொடுத்தவர் பவுனி நாராயண பிள்ளை. பவுனி என்னும் ஆங்கிலேயரிடம் துபாஷியாக இருந்ததால் அவருக்கு அப்பெயர் வழங்கிற்று. துபாஷி என்பது இரு மொழி அறிந்தவரைக் குறிக்கும். ஆங்கிலேய வணிகர்க்கும் அதிகாரிகளுக்கும் நம் நாட்டாருக்கும் இடையே நின்று, பேச்சை மொழிபெயர்த்து, பண்டம் வாங்கித் தந்து, கொடுக்கல் வாங்கலைப் பேசி முடிப்பதே அவர் தொழில். அக்காலச் சென்னையில் செல்வமும் செல்வாக்கும் துபாஷிகளின் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தன என்றால் மிகையாகாது.

நாராயண பிள்ளை அப்பிள்ளையைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். ஆங்கிலமும் கணக்கும் வணிக நுணுக்கமும் கற்பித்தார். பச்சையப்பர் பதினாறு வயதிலேயே தரகுத் தொழிலில் இறங்கி, இருபத்தொரு வயது நிரம்பும் முன்பே கணிசமான பொருள் ஈட்டினார். பின்னர் ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் துபாஷியாகவும் அமர்ந்தார். தஞ்சை அரசுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையிலான பண விவகாரங்களிலும் அவருக்குத் தொடர்பு இருந்தது. இதனால் அவர் வாழ்வு சென்னைக்கும் காவிரிக் கரைக்குமாகப் பிரிந்து நடந்தது.

ஈட்டியதும் ஈந்ததும்

சென்னையில் கூவம் ஆற்றங்கரையில் உள்ள கோமளீசுவரன்பேட்டையில் அவர் வாழ்ந்தார். அந்நாளில் கூவம் தெளிந்த நீரோடும் ஆறாக இருந்தது. பச்சையப்பர் அதில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்ட பின்னரே அன்றாட அலுவல்களில் ஈடுபடுவார் என்று கூறுவர்.

வறுமையில் பிறர் கையால் உண்டு வளர்ந்தவர் ஆதலின், கைப்பொருள் சேர்ந்ததும் கொடுக்கத் தொடங்கினார். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்குத் திருப்பணி செய்தார். சிதம்பரம் நடராசப் பெருமான் திருக்கோயிலின் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவர் பெயரும் அவர் தமக்கையார் சுப்பம்மாளின் பெயரும் இணைத்துப் பேசப்படுகின்றன. சைவ வைணவ வேறுபாடு அவர் கொடையில் இடம்பெறவில்லை. சிவாலயங்களுக்கும் திருமால் திருப்பதிகளுக்கும் அவர் ஒன்றுபோலவே உதவினார்.

இல்லற வாழ்வில் அவருக்கு இரு மனைவியர் இருந்தனர். ஆயினும் தமக்குப் பின் சொத்தைத் தாங்கி நடத்தத் தக்க வளர்ந்த மகன் எவரும் இல்லை. தாம் உயிரோடு இருக்கும் வரை அறங்கள் நடக்கும். பிறகு என்ன ஆகும் என்னும் கவலை அவருக்கு இயல்பாகவே எழுந்திருக்கும்.

ஒன்பது நாள் இடைவெளி

நம் பழைய தரும நூல்களில் தானம் உண்டு, பாகப்பிரிவினை உண்டு, தத்து உண்டு. ஒருவர் தாம் இறந்த பின் தம் சொத்து இன்னாருக்கு இவ்வாறு சேர வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணம் அவற்றில் தனியாக வகுக்கப்படவில்லை. உயில் என்னும் சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழ் உருவம் பெற்றது. மரண சாசனம் என்றும் அதனை அழைத்தனர். உயில் எழுத்தில் இருக்க வேண்டும், இரு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும் என்று சென்னை நகர இந்துக்களுக்கு விதித்த இந்து உயில்கள் சட்டம் 1870ஆம் ஆண்டில்தான் வந்தது. பச்சையப்பருக்கு வழிகாட்ட அத்தகைய சட்டம் எதுவும் அன்று இல்லை.

1794ஆம் ஆண்டு, நாற்பதாவது வயதில், அவர் காவிரிக் கரையில் இருந்தபோது நோய்வாய்ப்பட்டார். உடல்நிலை தேறாது என்பதை உணர்ந்ததும், மார்ச் 22ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். தம்மை வளர்த்து ஆளாக்கிய நாராயண பிள்ளையின் பொறுப்பில் தம் அறங்களை ஒப்படைத்தார். அதன்பின் ஒன்பது நாள்களே அவர் வாழ்ந்தார். மார்ச் 31ஆம் நாள் ஐயாறப்பர் கோயில் கொண்டுள்ள திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் அறங்களுக்கென ஒதுக்கியது ஒரு லட்சம் வராகன். ஒரு வராகன் அந்நாளில் சுமார் மூன்றரை ரூபாய் பெறும். எனவே அது மூன்றரை லட்சம் ரூபாய்க்குச் சமம். காசி முதல் கன்னியாகுமரி வரையுள்ள திருத்தலங்களில் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் வழிபாடு நடத்துதல், கோயில் கட்டடத் திருப்பணி, ஏழைகளுக்கு உதவி, வடமொழிக் கல்விக்கு ஆதரவு, பொதுவான பிற நற்பணிகள் ஆகியவை அப்பணத்தால் நடைபெற வேண்டும் என்பது அவர் விருப்பம். பொருளும் பணியும் இவ்வாறு எழுத்தில் நின்றன.

வழக்கும் வருடங்களும்

அந்த உயிலை எழுத ஆன செலவு ஓலை, மைக்கூலி அளவே இருந்திருக்கும். அதனைக் காக்கத் தவறியதால் ஆன செலவு மிகப் பெரிது.

வள்ளல் மறைந்ததும் குடும்பத்தில் உரிமைப் பிணக்குகள் தலைதூக்கின. சொத்து கைமாறிற்று. பொறுப்பில் இருந்தவர்களும் முதுமை எய்தி மறைந்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் உயில் வகுத்த பணிகளைக் கைவிட்டனர். அறத்தின் கணக்கை ஆண்டுதோறும் யாரிடம் காட்ட வேண்டும், பொறுப்பேற்றவர் தவறினால் அடுத்து வருபவரைத் தேர்ந்தெடுப்பவர் யார் ஆகிய கேள்விகளுக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமற் போயிற்று. வழிபாட்டுக்கென வைத்த பணம் வழக்குக்குள் சிக்கிக்கொண்டது.

இதற்கிடையில் நீதிமன்றங்களும் மாறின. பச்சையப்பர் மறைந்தபோது சென்னையில் மேயர் நீதிமன்றம் இருந்தது. 1798இல் அதன் இடத்தில் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது. 1801இல் அதுவும் மாறிச் சுப்ரீம் கோர்ட்டு அமைந்தது. அரசு மாறினாலும் சட்டம் மாறினாலும் வழக்குத்தாள்கள் பெருகினவேயன்றி, வள்ளல் விரும்பியபடி கட்டளைகள் நடந்தபாடில்லை. அவர் பெயரால் அமுது படைக்கப்பட வேண்டிய தலங்களில் ஒரு தலைமுறையே கடந்து சென்றது. பயன்பெற வேண்டிய ஏழைகளும் மாணாக்கரும் தமக்கென ஒரு பணம் இருந்தது என்பதையே அறியாமல் வாழ்ந்து முடிந்தனர்.

இந்நிலையில் அறத்தின் சார்பாக அரசு வழக்குரைஞர் முன்வந்தார். அட்வகேட் ஜெனரலாகப் பணியாற்றிய சர் ஹெர்பர்ட் காம்ப்டன் இவ்விவகாரத்தை எடுத்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் அதனை விடாப்பிடியாக நடத்தினார். தனிப்பட்டவர் சொத்தாக இருந்தால் வாரிசுகள் சமரசம் செய்துகொண்டு பிரித்திருக்கலாம். பொது அறத்துக்கு எழுதிவைத்த பொருளுக்கு ஊரே உரிமையாளர். ஊருக்காகப் பேச அரசு வழக்குரைஞருக்கு உரிமை உண்டு என்னும் சட்டக் கோட்பாடு இங்கே துணைநின்றது. அந்த உரிமைக்கு ஆதாரமாக இருந்தது பச்சையப்பர் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு எழுதிய அந்த ஆவணமே. அது மட்டும் இல்லாதிருந்தால், எத்தனை அட்வகேட் ஜெனரல்கள் வந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திராது.

நிலுவைப் பணமும் அதன்மீது சேர்ந்த வட்டியும் மீட்கப்பட்டபோது மொத்தம் எட்டு லட்சம் ரூபாயை நெருங்கியது. முதலில் வைத்த தொகையைப் போல் இரு மடங்குக்கும் மேல். பார்ப்பதற்கு இது இலாபமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வட்டி, நடைபெறாத பூசைகளின் வட்டி. வழங்கப்படாத சோற்றின் வட்டி. அக்கணக்கை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது.

எஞ்சிய பணத்தில் எழுந்த கல்விக்கூடம்

நீதிமன்றம் ஒரு திட்டத்தை ஏற்றது. அதன்படி சுமார் நான்கரை லட்சம் ரூபாய், உயிலில் கண்ட சமய அறங்களுக்கும் தருமங்களுக்கும் நிலைநிதியாக ஒதுக்கப்பட்டது. எஞ்சிய தொகை இந்துப் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்பட வேண்டும் என்று முடிவாயிற்று. பொறுப்பு ஒருவரிடமோ ஒரு குடும்பத்திடமோ விடப்படாமல், இந்துப் பெருமக்கள் அடங்கிய அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்வெட்டின் நான்காவது செய்தி, ஒருவாறு அப்போதுதான் நிறைவுற்றது.

1842ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சென்னை பிராட்வேயில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. உயில் எழுதிய நாளிலிருந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. உயில் எழுதப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை, பேரன் பேத்தி எடுக்கும் வயதை எட்டியிருக்கும். தென்னிந்தியாவில் ஆங்கிலேயர் பணமின்றி, நம்மவர் ஒருவரின் பொருளால் எழுந்த முதல் நவீனக் கல்விக்கூடமாக அதனைக் கூறுவர். 1846இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1850இல் நிறைவெய்திய பச்சையப்பன் மண்டபம், பழைய கிரேக்கக் கோயிலின் சாயலில் உயர்ந்த தூண்களுடன் எஸ்பிளனேடில் எழுந்தது. காசிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கோயில் விளக்குகளுக்காக வைத்த பணம், ஏதென்சு நகரத்துக் கோயிலின் வடிவில் ஒரு கல்வி மண்டபமாகவும் உருக்கொண்டது.

1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டில் உள்ள பரந்த வளாகத்துக்கு இடம் பெயர்ந்தது. நெடுங்காலம் இந்து மாணவர்க்கு மட்டுமே இடமளித்த கல்லூரி, 1947 முதல் எல்லாச் சமயத்தவருக்கும் கதவு திறந்தது. அதே ஆண்டில் வள்ளலின் முன்னோர் ஊரான காஞ்சிபுரத்திலும் அவர் பெயரால் கல்லூரி தோன்றியது. பின்னாளில் சி. கந்தசாமி நாயுடு போன்ற பிற கொடையாளரின் அறநிதிகளும் இதே அறக்கட்டளையின் பொறுப்பில் வந்து சேர்ந்தன.

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1906இல் இக்கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அறிஞர் அண்ணாவும் பச்சையப்பன் மாணவரே. 1965இல் அவர் மலேசியாவுக்கு வருகை தந்தபோது அவர் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த நம் நாட்டுத் தமிழர், தம்மை அறியாமலே பச்சையப்பரின் அறத்திலும் ஒரு பங்கைச் சுவைத்தனர் எனலாம்.

அறக்கட்டளையின் நிர்வாகம் அதன்பின்னும் பலமுறை நீதிமன்றப் படி ஏறியது உண்மை. பெருஞ்செல்வம் உள்ள இடத்தில் பிணக்கும் இருக்கும். ஆயினும் உயிலும் திட்டமும் எழுத்தில் இருந்ததனால், ஒவ்வொரு முறையும் பிணக்கைத் தீர்க்க ஓர் அளவுகோல் கிடைத்தது.

நம் நாட்டு நடைமுறை

பச்சையப்பருக்கு இல்லாத வசதி இன்று ஜொகூரில் வாழும் நமக்கு உண்டு. மலேசியாவில் முசுலிம் அல்லாதவர்க்கு 1959ஆம் ஆண்டு உயில்கள் சட்டம் வழிவகுக்கிறது. பதினெட்டு வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் உயில் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரு சாட்சிகளின் முன் ஒப்பமிட வேண்டும். அச்சாட்சிகளும் ஒப்பமிட வேண்டும். சொத்தில் பங்கு பெறுபவரோ அவர் கணவர் அல்லது மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திட்டால் அந்தப் பங்கு செல்லாது. உயில் எழுதியவர் பின்னர்த் திருமணம் செய்துகொண்டால், அத்திருமணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்டதாக இருந்தாலன்றிப் பழைய உயில் செயலற்றுப்போகும். இவற்றை அறியாமல் எழுதிய தாள்கள் பிற்பாடு பயனற்றுப்போவதுண்டு.

உயில் இன்றி ஒருவர் மறைந்தால் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி சொத்து பிரிக்கப்படும். துணைவர், பிள்ளைகள், பெற்றோர் எனச் சட்டம் பங்கு வகுக்கிறது. வாரிசு உள்ளவரின் சொத்தில் கோயிலுக்கோ கல்வி நிதிக்கோ அச்சட்டம் ஒரு காசும் ஒதுக்காது. இறந்தவர் வாழ்நாள் முழுவதும் அதையே சொல்லி வந்திருந்தாலும் நிலைமை அதுவே. மேலும் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும் பொருட்டு வாரிசுகள் விண்ணப்பிக்க வேண்டும். உயர்நீதிமன்றத்தில் அவ்வாறு பெறும் நியமனத்துக்குப் பொதுவாகப் பிணைப்பத்திரமும் ஜாமீன்தாரர்களும் தேவைப்படுவர். உயில் எழுதச் செலவாகுமே என்று தயங்குபவர், எழுதாமல் விட்டால் பிள்ளைகள் தலையில் விழும் செலவையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறக்கட்டளை அமைப்பது வேறு நிலை. அதற்குத் தொடக்கச் செலவோடு, அறங்காவலர் ஊதியம், கணக்குத் தணிக்கை என்று ஆண்டுதோறும் செலவு தொடரும். சிறு தொகைக்கு அறக்கட்டளை அமைத்தால் வட்டி நிர்வாகத்துக்கே போய்விடும். அத்தகைய தொகையை உயிருள்ளபோதே நன்கொடையாகக் கொடுப்பதோ, கோயிலின் பதிவுப் பெயரைத் தெளிவாகக் குறித்து உயிலில் எழுதுவதோ போதுமானது. நிலம், கட்டடம், பெருந்தொகை ஆகியவற்றுக்கே நிரந்தர அறக்கட்டளை பொருந்தும். அதிலும் அறங்காவலர் ஒருவர் விலகினால் அடுத்தவர் யார், கணக்கு எவரிடம் காட்டப்படும் என்பவை எழுதப்பட வேண்டும்.

தோட்டப்புறங்களில் வாய்மொழியாக விடப்பட்ட நிலத்தில் எழுந்த கோயில்கள், தோட்டம் கைமாறியபோது இடம் பெயர நேர்ந்ததை நம் மக்கள் நேரில் கண்டுள்ளனர். நிலம் தந்தவர் மனம் பெரிது. ஆனால் அவர் மனம் கிராண்டில் எழுதப்படவில்லை. வாக்கைக் கொடுத்தவரும் வாக்கைக் கேட்டவரும் மறைந்தபின், சொல்லுக்குச் சாட்சி இல்லை.

பச்சையப்ப முதலியார் ஒன்பது நாள் தாழ்த்தியிருந்தால் அவர் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திராது. ஒன்பது ஆண்டு முன்னதாக எழுதி, காவலரை முறையாக நியமித்து, அவர்கள் பணியைத் தாமே கண்டிருந்தால், அரை நூற்றாண்டுப் பூசைகள் தவறியிரா. அவர் செய்ததிலிருந்து துணிவையும், அவருக்கு நேர்ந்ததிலிருந்து எச்சரிக்கையையும் ஒருங்கே பெறுதல் நம் கடன். உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் இருக்கும் காலத்திலேயே நம் அறங்களை எழுத்தில் வைத்து, தக்காரிடம் ஒப்படைத்து, நம் சந்நிதியின் விளக்கு தலைமுறை தலைமுறையாக ஒளிர எல்லாம் வல்ல அன்னை அருள் புரிவாளாக.